திமிங்கிலத்தின் இடது காது

பிடித்தாயிற்று, இனி விட முடியாது. பசை இறுகுகிற வரைக்கும் மங்கையர்க்கரசி அந்தக் காதெலும்பை மண்டையோட்டோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு இப்படியே நிற்க வேண்டியதுதான். மூக்கு அரித்தால் சொறிய முடியாது, போன் அடித்தால் எடுக்க முடியாது, முந்தானை சரிந்தால் சரியட்டும். நாளைக்குக் காலையில் போட்டோக்காரர் வருகிறார். ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் வரப்போகிற படம். டிபார்ட்மெண்ட் ஆய்வுக்கூடத்து மேசையில், மணல் நிரப்பிய தட்டில் மண்டையோடு மல்லாந்து கிடந்தது. மண்டையோடு என்று பெயர்தானே தவிர அது பாதி மண்டைதான்; ஒரு பக்கம் என்றைக்கோ பெய்த மழையோடு போய்விட்டது, மூக்கு எது பிடரி எது என்று காட்டக்கூடிய ஓரங்கள் இன்னும், தோண்டிய இடத்திலேயே போட்ட பிளாஸ்டர் உறைக்குள் முடங்கியிருந்தன. உறையின்மேல் கறுப்பு மார்க்கரால் ஓர் அம்பு. அம்பு எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தது. ஆகவே மூக்கு ஜன்னல் பக்கம். மூக்கு ஜன்னல் பக்கம், மண்டை மல்லாக்க, அப்படியென்றால் திமிங்கிலத்தின் இடது பக்கம் மங்கையின் வலது கைப்பக்கம். கையிலிருந்தது இடது காதெலும்பு, அதில் சந்தேகமில்லை. ஆகவே வலது கைப்பக்கம் ஒட்டியது சரி. சரிதானே? இரு. நான் மல்லாந்து படுத்துக்கொண்டு தலையை ஜன்னல் பக்கம் நீட்டினால், ஒருவர் என் கால்மாட்டில் நின்று பார்த்தால், என் இடது கை அவருக்கு வலது பக்கம். சரிதான். ஆனால் எலும்பு உட்கார்ந்த இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. நாலு கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்த எலும்பு, ஓரம் தேயாமலா இருக்கும்? தேய்ந்த இடைவெளியாக இருக்கலாம். பொருந்தாத இடைவெளியாகவும் இருக்கலாம். பசை தடவுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியதை எல்லாம் பசை தடவிய பிறகு யோசிப்பது அவளுக்குப் பிறவிக் குணம், கல்யாணத்திலிருந்து கத்தரிக்காய் வாங்குவது வரை அப்படித்தான்.

நிசப்தமாக இருந்தது. இவ்வளவு நிசப்தம் அவளுக்கு ஆகாது. மற்ற நாட்களில் கல்லைச் சுரண்டுகிற ஊசிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும், அந்த இரைச்சலில் அவளுக்கு எல்லோர் பேச்சும் நன்றாகக் கேட்கும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இரைச்சலில் கேட்கிறது, அமைதியில் கேட்கவில்லை. அவளே நம்பவில்லை, டாக்டர் சொல்கிற வரைக்கும். டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி, அது அதிர அதிர அவள் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குதும்மா?" என்றார். "இடது பக்கம்," என்றாள். சந்தோஷமாகக்கூடச் சொன்னாள், பாருங்கள், இடது காது நன்றாகத்தான் இருக்கிறது என்று. அவர் தலையை ஆட்டி, "அப்போ கெட்டிருக்கறது இடது காதுதான்," என்றார். கேட்கிற காது கெட்ட காதாம். அங்கிருந்தே அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. காற்று வழியாக வருகிற சத்தம் அந்தக் காதுக்குள் போகவில்லையாம், எலும்பு வழியாக வருவது மட்டும் போகிறதாம். உள்ளே அரிசி அளவில் ஓர் எலும்பு, அங்கவடி எலும்பு என்று பெயர், அது அசைந்தால்தான் சத்தம். "உங்களுக்கு அதைச் சுத்தி எலும்பு வளர்ந்து கெட்டியாயிட்டு வருது. வலது காதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுப்பது போல இருந்ததா, அல்லது அப்பா பெயரைச் சொன்னால் அப்பாவுக்கு நடந்தது எல்லாம் தனக்கும் நடந்துவிடும் என்கிற பயமா. ஆபரேஷன் செய்யலாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். யோசித்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் காதில் அழுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள், டிபார்ட்மெண்டில் அதையும் சொல்லவில்லை.

காது தடித்துப் போனால் கேட்காது, இது அவளுக்கு. காது தடித்துப் போனதால்தான் கேட்டது, இது திமிங்கிலத்துக்கு. இதோ விரலுக்கடியில் இருக்கிறதே, பெரிய சோழி மாதிரி, இதன் உள்விளிம்பு கனத்து உருண்டிருக்கிறது பார், இந்த ஒரு கனத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க ஆட்கள் இது திமிங்கிலம், இது திமிங்கிலம் இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். நாலு கால் இருந்தாலும் சரி, குளம்பு இருந்தாலும் சரி, காதின் உள்விளிம்பு தடித்திருந்தால் அது திமிங்கில வம்சம். காஷ்மீர்ப் பக்கம் ஒரு பிராணி இருந்தது. ஆட்டுக்குட்டி அளவு, மான் மாதிரிக் கால், ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் குதித்து ஒளிந்துகொள்ளும். அதற்கே காது தடித்திருந்தது. கடலையே பார்க்காத பிராணிக்குக் கடலுக்கான காது எதற்கு? வகுப்பில் பையன்கள் இதைக் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிப்பாள். உண்மையில் அவளுக்குத் தெரியாது. யாருக்குமே சரியாகத் தெரியாது. முதலில் காது தடித்து, நிலத்துச் சத்தம் மங்கி, அதனால்தான் தண்ணீருக்குள் போயிற்றோ? அல்லது தண்ணீருக்குள் போய்ப் போய்க் காது தடித்ததோ? எது முன்னால், எது பின்னால்? அப்பா முதலில் பேச்சை நிறுத்தினாரா, நாங்கள் முதலில் நிறுத்தினோமா?

அப்பா சிதம்பரநாதன் பட்டுக்கோட்டை தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் யாராவது ஒரத்தநாடு என்று முணுமுணுத்தால்கூட அவருக்குக் கேட்கும். வீட்டில் பக்கத்தில் நின்று சாப்பிட வாங்க என்றால் கேட்காது. "வேணும்னே பண்றார்டி. பஸ்ல ஊர்ப் பொம்பளைங்க பேசினா நல்லாக் கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் காது அடைச்சுக்குது," என்று அம்மா கரித்துக் கொட்டுவாள். அம்மா மட்டுமா, எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். இரைச்சலில்தான் கேட்கும் என்று ஒரு நோய் இருப்பது யாருக்குத் தெரியும்? அப்புறம் உண்மையாகவே கேட்கவில்லை என்று தெரிந்தபோது திட்டுவது நின்றது. திட்டு நின்றதோடு பேச்சும் நின்றது, அதுதான் விஷயம். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சிரிப்போம், அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தானும் பாதிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு, "என்ன, என்ன?" என்பார். "ஒண்ணுமில்லப்பா." கத்திச் சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆகவே ஒண்ணுமில்ல. சின்னச் சின்ன ஒண்ணுமில்ல எல்லாம் சேர்ந்து பெரிய ஒண்ணுமில்ல ஆயிற்று. மங்கையின் கல்யாணத் தேதியையே அவர் பத்திரிகை அச்சாகி வந்தபிறகுதான் தெரிந்துகொண்டார். தேதி குறித்த அன்றைக்குக் கூடத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு. பத்திரிகையைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "ஆவணியிலயா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது, சாமி. காது போனால் போகட்டும், ஒற்றைக் காதோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் தெரிந்துவிட்டால் சொல்ல மாட்டார்கள். முக்கியமானதைச் சொல்வார்கள், எழுதிக்கூடக் காட்டுவார்கள். முக்கியமில்லாததைச் சொல்ல மாட்டார்கள், மனுஷர்கள் பேசுவதில் முக்காலே மூணு வீசம் முக்கியமில்லாததுதானே.

அழுத்தம் குறைந்துவிட்டதோ? கட்டைவிரல் மரத்துப்போய் இருந்தது, எலும்பு எங்கே முடிகிறது விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஏலக்காய் வாசனை வந்தது. கான்டீனில் டீ போடுகிற நேரம்தான், ஜன்னல் வழியாக வந்திருக்கும். காற்று இந்தப் பக்கமா அடிக்கிறது? அடிக்கவில்லையே, மரம் அசையாமல் நிற்கிறது. சரி, மூக்கும் குழம்ப ஆரம்பித்துவிட்டதாக்கும். பசையின் நெடி மண்டைக்கு ஏறினால் இல்லாத வாசனை எல்லாம் வரும் என்று சொல்வார்கள். இந்த மண்டையோட்டைக் குஜராத்தின் கட்ச்சில் வெட்டியெடுத்தபோது அவள் போகவில்லை, மகளுக்கு அம்மை போட்டிருந்தது. போனவர் குலசேகரன். அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், அவருக்குத் திமிங்கிலப் பல், அவளுக்குக் காது என்று இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டு, பதினொரு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே கட்டுரை எழுதுகிறார்கள். இந்தத் திமிங்கிலத்தின் காதை அவர் இரண்டுங்கெட்டான் காது என்பார். கட்டுரையில் அப்படி எழுத முடியாது, பேச்சில் அப்படித்தான். காற்றிலும் முழுசாகக் கேட்காது, தண்ணீரிலும் முழுசாகக் கேட்காது. முதலை மாதிரி நீள மூஞ்சி, குட்டைக் கால், கரையோரச் சேற்றுத் தண்ணீர். தண்ணீருக்குள் தலையை முக்கினால் சத்தம் மண்டை முழுக்க ஒரே நேரத்தில் அதிரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. இடமா வலமா? சுறாவா, குட்டியா? தெரியாமலே அது எத்தனை லட்சம் வருஷம் பிழைத்தது! அதற்குப் பின்னால் வந்ததுகளுக்கு எல்லாம் நேராயிற்று. காதெலும்பு மண்டையோட்டிலிருந்து கழன்று, தனியாக நின்று, திசை தெரிந்தது. அப்புறம் எகிப்து, அப்புறம் பெருங்கடல் தாண்டிப் பெரு நாடு வரைக்கும் போயிற்று அந்த வம்சம். பெருவில் கிடைத்ததற்கு விரல் நுனியில் சின்னக் குளம்பு இருந்ததாம். குளம்போடு கடல் தாண்டிய மிருகம்! காஷ்மீர் ஓடை எங்கே, பெரு எங்கே. ஆனால் மங்கைக்கு அந்தப் போனதுகள்மேல் ஒரு ஆசையும் இல்லை. இந்தக் கட்ச்க்காரன்மேல்தான் ஆசை, இந்த இரண்டுங்கெட்டான்மேல். அது எதற்கும் முன்னோட்டமாக வாழவில்லை. காலையில் பசித்தது, தின்றது, பயந்தது. தன் காது பாதிதான் ஆகியிருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

மேசைமேல் ஒரு நிழல். மேகமாக இருக்கும். நிழல் அசைந்தது, நின்றது. மேகம் நிற்குமா? பின்கழுத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. யாரோ இருக்கிறார்களா? இருந்தால் கூப்பிட மாட்டார்களா? கூப்பிட்டால் எனக்குக் கேட்குமா? இதென்ன கேள்வி. கூப்பிடவில்லை, அதனால் யாருமில்லை. இல்லை, கேட்கவில்லை, அதனால் யாருமில்லை என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றா? தலையைத் திருப்பிப் பார்த்துவிடலாம், ஆனால் திரும்பினால் தோள் அசையும், தோள் அசைந்தால் மூட்டு நகரும், மயிரிழை இடைவெளி இரண்டு மயிரிழை ஆகும். போன வாரம் மீட்டிங்கிலும் இப்படித்தான். துறைத்தலைவி இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டார், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், "சரி மேடம்," என்று சிரித்தாள். கைதட்டினார்கள். அவள் விளையாட்டு விழாக் குழுவுக்குத் தலைவியாகிவிட்டாள் என்பது மறுநாள் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவள், ஜென்மத்தில் ஒரு பந்தை ஒழுங்காகப் பிடிக்காதவள்! வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தாள், கணவனும் சிரித்தான், பிறகு குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் இரைச்சலில் தன் அழுகை தெளிவாகக் கேட்டது. அதுவும் ஒரு வேடிக்கை. எத்தனை நாளைக்கு இப்படித் தலையாட்ட முடியும்? ஜனவரியில் கட்ச்சுக்குப் போகிற குழுவில் அவள் பெயர் இருக்கிறது. அங்கே திறந்த வெளி, கம்ப்ரஸர் கிடையாது, பஸ் கிடையாது, நிசப்தமோ நிசப்தம். சரிவிலிருந்து ஒருவர் "கல்லு உருளுது, நகரு" என்று கத்தினால்? எந்தப் பக்கமென்று பார்ப்பதற்குள்? போகாமலிருந்தால் ஏன் என்பார்கள், போனால் தெரிந்துவிடும். அந்த நிழல் இன்னும் அங்கேயே இருந்தது. டீ வாசனையும்.

பசை இறுகியிருந்தது. ஒரு விரலை எடுத்தாள், எலும்பு நின்றது. இன்னொரு விரல். முழுக் கையையும் எடுத்தாள். நின்றது, காலம் காலமாக அங்கேயே இருந்த மாதிரி. துணியை எடுக்க இடது பக்கம் திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் குலசேகரன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸ், இரண்டிலும் ஆடை படிந்திருந்தது. அவர் வாய் ஒரு வார்த்தையின் பாதியில் இருந்தது. ஆடை படிகிற அளவுக்கு நேரம். அவ்வளவு நேரமாகவா? அவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம் இருந்தது, பயம்கூட. ஏதோ சொன்னார். உதட்டில் 'அம்பு' தெரிந்தது, 'வடக்கு' தெரிந்தது, மீதி எல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி முனகல். வடக்கு எங்கிருந்து வந்தது இதில்? அம்புக்கும் வடக்குக்கும் என்ன? பிறகு அவரே சிரித்து, கொஞ்சம் குனிந்து, குரலை உயர்த்திச் சொன்னார், அது மட்டும் கேட்டது: "வேலையில மூழ்கிட்டீங்க போல மங்கை. பூகம்பம் வந்தாலும் தெரியாது உங்களுக்கு."

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார். நுழைந்து ஓடிவிட வேண்டியதுதான். ஆமா ஆமா, இது ஒட்டுற வேலையாச்சே, கவனம் சிதறிச்சுன்னா போச்சு, என்று ஒரு சிரிப்புச் சிரித்து, ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தால் முடிந்தது. அவருக்கும் அதுதான் வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னது என்ன? ஏதாவது சின்ன விஷயமாக இருக்கலாம். வாழ்க்கை முழுக்க அப்படிச் சமாளிக்கலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் தலையாட்டியது யாரும் சொல்லாததால் மட்டுமில்லை, அன்றைக்கு அவரும் என்னவென்று விசாரிக்கவில்லை என்பதாலும்தான். ஒரு தடவை, ஒரே தடவை, எனக்குக் கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க என்று அவர் சொல்லியிருந்தால்? மங்கை தலையாட்டுவதற்குத் தயாராகக் கழுத்தைச் சாய்த்தாள். பழகின கழுத்து, அது தானாகச் சாய்ந்தது. ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"குலசேகரன், நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல," என்றாள். தன் குரல் மண்டைக்குள் கணகணவென்று அடித்தது, கத்துகிறாளா முணுமுணுக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "இப்ப மட்டும் இல்ல. இந்தக் காது ரொம்ப நாளாவே கேக்காது. யார்கிட்டயும் சொல்லல. வீட்டுலகூடச் சொல்லல. நீங்க இந்தப் பக்கம் வந்து, முதல்லேருந்து சொல்லுங்க."

அவர் டீ கிளாஸ்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மணல் தட்டின் ஓரத்தில் வைத்தார், பிறகு அங்கே வைக்கக் கூடாதென்று எடுத்தார், பிறகு தரையில் வைத்தார். அந்தக் கண்ணில் இரக்கம் வந்துவிடுமோ என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டூலை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"கேக்குதா?"

"ம்."

"அந்த அம்பு மூக்கு இல்ல. வடக்கு. பிளாஸ்டர் போட்டா நான் எப்பவும் வடக்கைத்தான் குறிப்பேன். இதோட மூக்கு தெற்கே பாத்துக் கிடந்துச்சு. இடது காதைக் கொண்டுபோய் வலது பக்கம் ஒட்டியிருக்கீங்க. அசிட்டோன் வெச்சா பசை கரைஞ்சு கழண்டுடும், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நாலு தடவ சொன்னேன் மங்கை. நீங்க திரும்பவே இல்லையா, என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன். தோளைத் தொடலாமான்னு பாத்தேன், எலும்பு நகர்ந்துடுமேன்னு..."

"அதையும் சொல்லுங்க."

"எதை?"

"அன்னிக்குக் கட்ச்சுல இதை எடுத்தப்ப என்னல்லாம் நடந்துச்சோ, அதை. நான்தான் வரலையே."

"அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் குலசேகரன். அவள் வலது காதைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார். அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது, டிரைவர் பாதியில் கோபித்துக்கொண்டு போனது, மார்க்கர் காய்ந்துபோய் எழுதாமல் எச்சில் தொட்டு எழுதியது, ஒட்டகம் ஒன்று வந்து பிளாஸ்டர் வாளியில் வாயை வைத்தது என்று ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார்.